ஒன்பது லட்சம்: மனையா, நகையா, மகள் படிப்பா?

பத்தமடைக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு கிராமத்தில் என் சித்தி மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் சவுதியில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, சித்திரை மாதம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிவிட்டார். கையில் ஒன்பது லட்சம் ரூபாய் இருந்தது. "யக்கா, நீ தபால் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்தவ. இத எதுல போடலாம்னு நீயே சொல்லு" என்று தங்கச்சி போன் பண்ணினாள். போனில் பேசித் தீர்க்கிற விஷயமா இது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் பஸ் ஏறிப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நோட்டும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்தோம்.

வீட்டில் ஆளுக்கு ஓர் எண்ணம். அவருக்குப் பாளையங்கோட்டைக்கு வெளியே மூன்று சென்ட் மனை வாங்க வேண்டும். தரகர் ஏற்கெனவே கூட்டிப்போய்க் காட்டிவிட்டார். தங்கச்சிக்குப் பத்துப் பவுன் நகை. இரண்டும் பெண் பிள்ளைகளாயிற்றே என்று அவள் கவலை. பெரியவள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. எட்டு வயதுச் சின்னவள் கேட்டது ஒரு சைக்கிள். தங்கச்சியின் மாமியார் முற்றத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எது அதிகம் பெருகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தபால் நிலையக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. ஐந்து வருடத்துக்குப் போட்ட பணத்தை இரண்டாம் வருடமே உடைக்க வருகிறவர்களின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி, காலேஜ் பீஸ், திடீரென்று கூடிவந்த கல்யாணம், இவற்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். அவர்கள் போட்ட திட்டத்தில் குறை இல்லை. பணத்தைத் திறக்கிற நாளை அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நிலமோ தங்கமோ பங்கோ, தன் விருப்பப்படி விற்றவர் லாபம் பார்த்தார். நெருக்கடியில் விற்றவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார். அதனால் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் ஒரே கேள்வியைப் போட்டோம்: கெட்ட நாள் வந்தால் இது என்ன ஆகும்?

அதற்கு முன்னால், கடன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெதுவாக வெளியே வந்தது. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். லட்சத்துக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. இரண்டரை வருடமாக வட்டியை மட்டும் கட்டியதில் 90,000 ரூபாய் போய்விட்டது. அசல் அப்படியே நிற்கிறது.

வருடத்துக்கு 36 சதவீதம், அதுவும் நிச்சயமாகத் தருகிற முதலீடு எங்கேயும் கிடையாது. இந்தக் கடனை அடைப்பது அப்படி ஒரு முதலீடு. யாரும் இதை முதலீடு என்று சொல்வதில்லை. அடைத்தால் கையில் பத்திரமோ நகையோ எதுவும் வருவதில்லை அல்லவா? ஆனால் அடுத்த மாதம் 3,000 ரூபாய் வீட்டிலேயே தங்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதற்குப் பிறகு அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். "நாளைக்குக் காலைல முதல் வேலை இதுதான்" என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொடுத்த புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழிக்காமல் வரக்கூடாது என்றும் சொன்னேன்.

இன்னொரு கடனும் இருந்தது. வங்கியில் ஆறு பவுன் அடகு. 1,80,000 ரூபாய், 9 சதவீத வட்டி. வருடத்துக்கு 16,200. நகை எடுக்க வேண்டும் என்று கேட்கிறவளின் நகை பெட்டகத்தில் தூங்குகிறது! 2025 அக்டோபரிலேயே பவுன் விலை 90,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த விலையில் ஆறு பவுன் என்றால் 5,40,000. செய்கூலி, சேதாரம் தனி. அவளுடைய ஆறு பவுன் திரும்பி வர 1,80,000 போதும். புது நகைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்கும் நிம்மதி.

நகையை நான் குறைத்துப் பேச மாட்டேன். மாமனாரை ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை வங்கி திறந்த ஒரு மணி நேரத்தில் பணமாக மாறியது அந்த ஆறு பவுன்தான். நிலத்தால் அது முடியாது. ஒரு பெண்ணுக்கு, யாரிடமும் கையெழுத்து கேட்காமல் தன் கையால் எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து என்றால் நம் வீடுகளில் இன்றைக்கும் நகைதான். தாய்மார்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் ஞாயம் இருக்கிறது.

ஆனால் கெட்ட நாளுக்குத் தேவையான அளவுக்கு மேல் நகையாக வாங்குவது நஷ்டம். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய நகையில் பொன்னின் மதிப்பு 86,000 சொச்சம்தான். மீதி கடையிலேயே தங்கிவிடுகிறது. விலையும் எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததில்லை. 2012-இல் பத்து கிராம் சுத்தத் தங்கம் சுமார் 31,000 ரூபாய். நடுவில் இறங்கி, 2018-இல் மறுபடி அதே 31,000 பக்கம் வந்து நின்றது. ஆறு வருடம்! இப்போதைய ஏற்றத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஹால்மார்க்கோடு எச்.யு.ஐ.டி. என்கிற ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடையில் நகை விற்கக்கூடாது.

அடுத்தது மனை. இதில்தான் அதிக நேரம் பேசினோம். "மதினி, சென்ட் ரெண்டே முக்கால் சொல்லுதாவ. அடுத்த வருசம் மூணரைக்குப் போயிரும்லா" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர். போகலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மூன்று சென்ட் எட்டேகால் லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், அது 74,250. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது லட்சத்துக்கு 750 ரூபாய்தான் குறைகிறது. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். தங்கச்சி பேரில் வாங்கினால் 8,250 மிச்சம். அப்படியே வைத்துக்கொண்டாலும் மனை வாங்கிய மறுநாள் வீட்டில் மூன்று வட்டிக் கடன் இருக்கும், நகை அடகில் இருக்கும், காலேஜுக்குக் கட்ட ஒரு ரூபாய் இருக்காது. மூன்று சென்ட்டில் அரை சென்ட்டை மட்டும் விற்று பீஸ் கட்ட முடியுமா?

எனக்கும் மனை இருக்கிறது. 1998-இல் வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட பணத்தில் அதுதான் அதிகம் பெருகியது, மறைக்க மாட்டேன். அதே தெருவில் அதே மாதம் வாங்கிய இன்னொருவர் மூன்றாவது வருடம் மனைவியின் ஆபரேஷனுக்காக விற்றார். வாங்கிய விலையும் கிடைக்கவில்லை, ஆள் தேடவே ஏழு மாதம் ஆனது. இரண்டு மனைக்கும் நடுவில் இருபதடி ரோடுதான். எனக்கு மாதா மாதம் சம்பளம் வந்தது, அதனால் என் மனையை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வருகிற வீட்டுக்கு மனை நல்லது. சம்பளம் இப்போதுதான் நின்றுபோன வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை.

அந்த இடத்தைப் பற்றியும் விசாரித்தோம். பெரிய மாமா ஒருவர் அந்தப் பக்கம் மாடு மேய்த்தவர். "அது குளத்துப் பத்துலா. மறுகால் அந்த வழியாத்தான் போவும்" என்றார். குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் அது, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும் என்று அர்த்தம். 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, குளங்கள் உடைந்தன. குளத்தின் வழியில் போட்ட நகர்களில் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிப் போனது. மனை பார்க்கப் போகிறவர்கள் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், ரெரா என்கிற மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு, முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா எல்லாவற்றையும் பார்ப்பதோடு, கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் முன்னால் என்னவாக இருந்தது என்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள். தரகர் பங்குனி வெயிலில் காட்டுவார், எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும்.

நிலத்தில் பணம் போடுவது என்றாலே மனை என்று ஆகிவிட்டது. இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்குச் சேர மன்னனின் நோயை வாங்கிக்கொண்டதற்காக நிறையப் பொன் கிடைத்ததாம். அதை என்ன செய்வது என்று அவர் அகத்தியரிடம் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போ, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, அது படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்றாராம். கதையை விட்டுவிடுவோம். கால்வாய் கண் முன்னால் ஓடுகிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஆயிரக்கணக்கான ஏக்கரில் இன்றைக்கும் நெல் விளைகிறது. அந்தப் பொன் பெட்டியிலேயே இருந்திருந்தால் இப்போது எங்கே இருந்திருக்கும்?

தங்கச்சி வீட்டுக்கு அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மழைக்காலத்துப் பிசானப் பருவம் விளைந்துவிடும். கார் பருவத்துக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் உண்டு, தள்ளிப்போனால் வயல் சும்மா கிடக்கும். வயலோரத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் எரிந்துபோய் நாலு வருடமாகிறது. மோட்டார், பைப், கிணற்றுச் சுவர் எல்லாவற்றையும் சரிசெய்ய 70,000 ஆகும். அவர் எலெக்ட்ரீஷியன் என்பதால் பாதி வேலை அவர் கையாலேயே முடிந்துவிடும். புதிதாக மூன்று சென்ட் வாங்குவதைவிட இருக்கிற நூறு சென்ட்டை இரண்டு போகம் விளைய வைப்பது எனக்குச் சரியாகப் பட்டது. பணம் முழுவதையும் ஏத்தன் (நேந்திரம்) வாழையில் போடலாம் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. வேண்டாம் என்றேன். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் குலை தள்ளிய வாழை ஒரே காற்றில் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கால் ஏக்கரில் போடட்டும். 'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பார்கள். வரப்பில் பத்துப் பனங்கொட்டை ஊன்றச் சொன்னேன். பேரப்பிள்ளைகளுக்குச் செலவில்லாத முதலீடு.

இனி படிப்பு. இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றினார். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் என்னைச் சேர்த்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும், அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் எடுத்து வை என்றார்கள். 1895-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் வாசலில் என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது நினைவிருக்கிறது. அவர் கட்டிய பீஸும் பஸ் காசும் முப்பது வருடச் சம்பளமாக வந்தது, இப்போது பென்ஷனாக வந்துகொண்டிருக்கிறது. அவருடைய கடைசிக் காலத்து மருந்துச் செலவு முழுவதும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. அவர் வாங்காமல் விட்ட இரண்டு பவுனால் அது ஆகியிருக்காது.

ஆனால் படிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நல்ல முதலீடு ஆகிவிடாது. என் தம்பி மகன் எஞ்சினியரிங் படித்தான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட எஞ்சினியரிங் கல்லூரிகள் இருந்தன. அதில் ஒன்றில், ஆள் பிடித்துச் சேர்த்துவிடுகிற ஒருவர் சொன்னதை நம்பி, வயலை விற்றுப் பணம் கட்டினார்கள். ஆய்வகம் பூட்டியே கிடந்தது. பாதிப் பாடத்துக்கு வாத்தியார் இல்லை. ஐந்து வருடம் கழித்து அரியரோடு வந்தான். அப்புறம் ஏ.சி. மெக்கானிக் வேலை பழகித்தான் நிமிர்ந்தான். அந்த வேலை பழக ஆன செலவு, வயல் விலையில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நம் பக்கத்துப் பையன்கள் சென்னை மளிகைக் கடைகளில் அண்ணாச்சியிடம் ஐந்தாறு வருடம் வேலை கற்று, அப்புறம் தனிக்கடை போட்டதும் படிப்புதான். பொட்டலம் மடிப்பதில் தொடங்கிக் கொள்முதல், கடன் நோட்டு, வாடிக்கையாளர் முகம் வரை கற்றுக்கொள்வார்கள். படிப்பில் போடுகிற பணத்தை அளக்க என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: முடித்து வெளியே வரும்போது இந்தப் பிள்ளையின் கைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்?

நர்சிங்குக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நாலு வருடம் பி.எஸ்சி. படிக்கலாம், இல்லையென்றால் மூன்று வருடம் டிப்ளமோ. ஊரில், சென்னையில், வெளிநாட்டில் எங்கேயும் ஆள் தேவைப்படுகிற வேலை. கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா, பயிற்சிக்கு நிஜமான ஆஸ்பத்திரி இருக்கிறதா, இந்த இரண்டையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டக்கூடாது என்று எழுதி வைத்தோம். கவுன்சிலிங்கில் அரசு இடம் கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தங்கச்சி பேரில் பீடி அட்டை இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அந்த அட்டையை அவள் பரணில் போட்டுவைத்திருந்தாள்! பணம் பற்றாவிட்டால் கல்விக் கடன் இருக்கிறது. ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. படித்து முடித்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. இதெல்லாம் பார்த்துவிட்டு நாலு வருடத்துக்கென்று இரண்டரை லட்சத்தைத் தனியாக ஒதுக்கினோம். ஒவ்வொரு வருடப் பங்கும் அந்தந்த ஜூலையில் முதிர்கிற மாதிரி நாலு டெபாசிட். உடைக்க வேண்டிய தேவையே வராது.

"நகையா போட்டா கல்யாணத்துக்கு ஆவும்" என்று தங்கச்சி கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நகைய வித்தாத்தாம்மா காசு. சம்பளம் மாசாமாசம் வரும்லா" என்றாள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

சின்னவளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், இவளுக்கு எட்டு. வருடத்துக்குக் குறைந்தது 250, கூடியது ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டினால் இருபத்தோராவது வருடம் முதிரும். பதினெட்டு வயதுக்குப் பிறகு படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிக்கும். 2024 ஜனவரியில் ஆக்கிய 8.2 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், மாதம் 1,000 கட்டினால் கட்டியது 1,80,000, கிடைப்பது ஏறக்குறைய ஐந்தரை லட்சம். முதல் வருடத்துக்கு 12,000 எடுத்து வைத்தோம்.

பங்குச் சந்தை பற்றித் தங்கச்சி வீட்டுக்காரரிடம் சவுதியில் கூட இருந்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் பங்கு விலைகளின் குறியீடான சென்செக்ஸ் 42,000-ஐத் தொட்டது, மார்ச்சில் 26,000-க்கு விழுந்தது, நவம்பரில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. காத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் பீஸ் கட்ட வேண்டியிருந்தவருக்குப் பெரிய நஷ்டம். ஆகவே அதில் இந்த ஒன்பது லட்சம் போகாது. கடன்கள் அடைந்தபிறகு மிச்சமாகிற வட்டி, மாதம் 3,000-மும் 1,350-மும் சேர்ந்து 4,350 ரூபாய். அதில் 1,000 செல்வமகளுக்கு, 2,000 ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஃபண்டில், மாதாமாதம் போகட்டும். பத்து வருடம் தொடவேண்டாத பணம் அது.

சீட்டு வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். பதிவு பெற்ற சீட்டு வேறு. ஊரில் தெரிந்தவர் என்று நம்பிப் போடுகிற தீபாவளிச் சீட்டு வேறு. என் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த 14,000 ரூபாய் அப்படித்தான் ஒரு ஐப்பசியில் காணாமல் போனது. நடத்தியவர் வீட்டுத் திண்ணையில் அம்மா மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

இன்ஷூரன்ஸை இவர்கள் எண்ணியே பார்க்கவில்லை. சம்பாதிக்கிற ஆள் ஒருவர், ஐம்பது வயதுக்குள் இருக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாய் போனால் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆயுள் காப்பீடு இரண்டு லட்சம். 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இன்னும் இரண்டு லட்சம். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் இதைத் தள்ளிப்போடலாமா? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. அன்றைக்கு இந்த அட்டை கையில் இருந்திருந்தால் மூன்று வட்டிக்குப் போயிருக்க வேண்டியிருக்காது.

மாமியாருக்கு வயது அறுபத்தாறு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பேரில் ஒன்றரை லட்சம் போடலாம் என்றேன். 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 3,075 ரூபாய் அவர் கைக்கே வரும். முற்றத்தில் பீடி சுற்றுகிற கை நின்றது. "என் பேர்லயா?" என்றார். ஐம்பது வருடம் இலை வெட்டி, தூள் அடைத்துச் சுற்றிய அம்மா. வங்கியில் அவர் பேரில் அதுவரை ஒரு கணக்குகூட இருந்ததில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது, அவருக்குக் கோடு தெரியவில்லை. இத்தனை நாளும் விரல் பழக்கத்தில்தான் பீடி சுற்றியிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. நாங்கள் மத்தியானத்திலிருந்து ஒன்பது லட்சத்தை இருபது விதமாகப் பிரித்திருந்தோம். கண் ஆபரேஷன் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. நெல்லை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அடுத்த வாரமே கூட்டிப்போவதாக முடிவாயிற்று. நோட்டில் அதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்.

கடைசியில் கணக்கு இப்படி நின்றது. மூன்று வட்டிக் கடன் ஒரு லட்சம், நகை மீட்க 1,80,000, பெரியவள் படிப்புக்கு இரண்டரை லட்சம், மாமியார் பேரில் ஒன்றரை லட்சம், கிணறும் மோட்டாரும் 70,000, சின்னவளுக்கு 12,000. திடீர்ச் செலவுக்கு ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில் அப்படியே கிடக்கும். நகையோடு சேர்த்து அதுதான் கெட்ட நாளுக்கான காவல். மீதி 38,000. கண் ஆபரேஷன் அதிலிருந்து.

மறுவாரம் தரகர் கூப்பிட்டிருக்கிறார். தங்கச்சிதான் போனை எடுத்தாளாம். "அண்ணாச்சி, இப்போ வாங்கல. மூத்தவ வேலைக்குப் போன பொறவு நானே கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். மாமியாருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, அடுத்த கண் ஆவணியில். சின்னவள் இன்னும் சைக்கிளை நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், நடந்தால் அரை மணி நேரம். மிச்சத்தில் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.